கடலோரச் சாலையில் ஒரு பிஸ்கட் டின்

ஜொகூர் பாருவில் நில அளவைக் கந்தோர் குமாஸ்தாவாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக் கனகசபை. அவர் மனைவி செல்லப்பாக்கியம் காய்ச்சலில் இறந்து, அவளை எரித்து, மறுநாள் காலை சாம்பல் அள்ளிய பிறகும் அவருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. சுடலையில் நின்றபோதும், எதிரே நின்றவரின் மீசை ஒரு பக்கம் குட்டையாக இருந்ததைத்தான் கவனித்தார். "கல்லு மனுசன்" என்று சொந்தக்காரப் பெண்கள் அவர் காதுபடவே சொன்னார்கள். யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிறார்கள் போலிருந்தது அவருக்கு.

குருக்கள் சொன்னது இதுதான். சாம்பலைக் கணவன் கையால் கடலில் கரைக்க வேண்டும். அதன்பின் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போகிற உயிருக்குப் போக மனம் வராது. அழத்தான் முடியவில்லை, இதையாவது ஒழுங்காகச் செய்து அவளை அனுப்பிவிட வேண்டும் என்று கனகசபை நினைத்தார்.

வாடகை மோட்டார்க்காரன் சாம்பலை ஏற்ற மாட்டேன் என்றான். ஆகவே சைக்கிள். சாம்பல் வைத்த மண்முட்டி சைக்கிளில் உடைந்துபோகும், ஆகவே இறுக்கமாக மூடி போட்ட பிஸ்கட் டின். அதைக் கேரியரில் கட்டிக்கொண்டு அவர் முன்னே போக, கந்தோர் பியூன் செல்லப்பன் இன்னொரு சைக்கிளில் துணைக்கு வந்தான்.

செல்லப்பாக்கியம் அந்தக் கேரியரில் ஏறியது அதுவே முதல் தடவை. கடலோரத் தோட்டங்களைப் பார்க்க வேண்டுமென்று வருடக்கணக்காகக் கேட்டிருந்தாள். குமாஸ்தா பெண்சாதி கேரியரில் கால் தொங்கப்போட்டுப் போனால் கந்தோரில் என்ன கதைப்பார்கள் என்று அவர் தள்ளிப்போட்டிருந்தார்.

சிங்கப்பூருக்குப் போகும் கடற்பாலத்துக்குப் பக்கத்தில், கடல் வற்றத் தொடங்கும் நேரம், தேவாரம் சொல்லி டின்னைத் தண்ணீரில் விட்டார். திரும்பாமல் சைக்கிளில் ஏறினார். வீடு தம்போய்ப் பக்கம். சாலை மேற்கே கடலை ஒட்டியே போகிறது.

கொஞ்ச தூரம் போனதும் செல்லப்பன் பக்கத்தில் வந்தான்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. அம்மாவும் கூடவே வர்றாங்க."

"என்னடாப்பா சொல்லுறாய்?"

"தலையத் திருப்ப வேணாம். கண்ண மட்டும் இடது பக்கம் ஓட்டுங்க."

டின் வந்துகொண்டிருந்தது. அவர் வேகமாக மிதித்தால் அதுவும் வேகமாக வந்தது. அரண்மனைத் தோட்டத்து மரநிழலில் மூச்சு வாங்க நின்றார்கள். டின்னும் கரையோரம் நின்று தோட்டத்தைப் பார்த்தது. புல்வெளியில் உதிர்ந்த செண்பகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கரையில் சிங்கப்பூர் புகைபோல் தெரிந்தது. எல்லாம் அழகு என்பது கனகசபைக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். போகலாம் என்று மணியடித்தார். டின் ஒருமுறை தலையாட்டிவிட்டு அவர்களுக்கு முன்னே கிளம்பியது. இதை நம்பாதவர்கள் இன்றும் ஊரில் உண்டு. அவர்களில் ஒருவர்கூட அன்று அங்கே இல்லை.

"மூடியத் தொறந்தீங்களாய்யா?" என்றான் செல்லப்பன்.

கனகசபை யோசித்தார். "இல்லை."

"அலமாக், கெட்டுது போங்க! அப்ப எப்படிங்க கரையும்? அம்மா உள்ள பத்திரமா உக்காந்திருக்காங்க."

"முன்னுக்குப் போற டின்னைப் பாக்கிறது, திரும்பிப் பாக்கிறதில்லைத்தானே?"

"இல்லதான். முந்திப் போயி புடிச்சிரலாம், மிதிங்க."

மிதித்து டின்னை முந்தினார்கள். அதுதான் தவறாகிவிட்டது. சாலை கடலைவிட்டு மேட்டில் ஏறும் இடத்தில் இறங்கி நின்றபோது டின் வரவில்லை. அது பின்னாலேயே, மீன்பிடிக்க நட்ட கம்புகளில் சிக்கிக்கொண்டது என்று செல்லப்பன் பார்த்துச் சொன்னான்.

"நான் போயித் தொறந்து விட்டுட்டு வரவா?"

"நீ என்ன அவளுக்குப் புருசனோ? என்ர கையாலதான் கரைக்கவேணும்."

"அப்ப திரும்பணுமேங்க."

"திரும்பேலாது."

கனகசபை வேட்டியை மடித்துக் கட்டினார். தம்போய்ப் பக்கம் வைத்த முகத்தை எடுக்காமல், பின்னோக்கி நடந்து கடலில் இறங்கத் தொடங்கினார். சாலையில் ஒரு மாட்டுவண்டி நின்றது. வண்டிக்காரன் பார்த்தான், மாடுகளும் பார்த்தன.

"வலது பக்கம் வாங்க" என்று செல்லப்பன் தண்ணீரில் கூடவே வந்தான். "உங்க வலது இல்லீங்க, என் வலது. கல்லு கெடக்கு, காலத் தூக்குங்க. மெல்ல. இன்னும் கொஞ்சம்."

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. முதுகுக்குப் பின்னால் நீட்டியிருந்த கைகளில் டின் முட்டியது. மூடியை நெம்பினார். நகம் பிய்ந்தது, அவருக்குத் தெரியவில்லை. மூடி கழன்று, விரல்களுக்கிடையே சாம்பல் வழிந்தது. மேட்டில் சாய்த்து வைத்த இரண்டு சைக்கிள்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முழுக்கப் போயிற்றுதோ?"

"போவுதுங்கய்யா. வெள்ளையா, கோடு மாதிரி."

"எந்தப் பக்கம்?"

"வெளிக்கடல் பக்கம்."

கனகசபை, "அவ திரும்பிப் பாத்தவளோ?" என்று கேட்டார்.

செல்லப்பன் தண்ணீரைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்தான். அதில் எந்தப் பதில் வேண்டும் என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

"இல்லீங்கய்யா. நேரா போயிட்டாங்க."

"நல்லது" என்றார் கனகசபை.

கரையேறி சைக்கிளை எடுத்தார்கள். மேட்டில் மிதித்து ஏறும்போது ஈர வேட்டி சங்கிலியில் சிக்கியது. இறங்கி, அதை விடுவித்துக்கொண்டு, மறுபடி ஏறினார்.