ஐந்து மணிக்குள் இடுப்பளவு

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு பஸ்ஸில் கிடைத்தது. விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற பஸ். முன் சீட்டில் ஒரு பெண் போனில் யாரிடமோ, "இடுப்பு இருபத்தெட்டா முப்பதான்னு தெரியாம எப்படிக்கா ஆர்டர் போட?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். திருத்தங்கலில் இறங்கிவிட்டாள். கடைசியில் எந்த அளவைப் போட்டாள் என்று தெரியாமல் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அடுத்தவள் இடுப்பளவு உனக்கு எதற்கய்யா என்பீர்கள். நியாயம்தான். ஆனாலும் கேள்வி என்னை விட்டபாடில்லை.

அதனால் அவளுக்கு ஒரு பெயர் வைத்தேன்: இசைவாணி. வயது இருபத்தாறு. ஊர் எம். புதுப்பட்டி. பட்டாசுக் கம்பெனியில் வேலை. இதற்குமேல் எல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் ஒன்று: "டமார் என்ற சத்தம் கேட்டு ஊரே—"

வேண்டாம். பட்டாசு ஊர்க் கதை என்றால் முதல் வரியிலேயே ஒரு ஷெட்டைத் தூக்கிவிடுவது எங்களைப் போன்றவர்களுக்குக் கைவந்த வேலை. இந்தக் கதையில் எதுவும் வெடிக்காது. பயம் இருக்கும், அவ்வளவுதான்.

தொடக்கம் இரண்டு: "அவளுடைய மெல்லிடையை—"

சீ. அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று: "இசைவாணி சூப்பர்வைசர் ஆகிவிட்டாள்."

இது பரவாயில்லை. பயிற்சிக்குப் போய், பரீட்சை எழுதி, தேறி ஆகியிருக்கிறாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ஆறாம் நம்பர் ஷெட் அவள் பொறுப்பு. அதே ஷெட்டில்தான் அவளுடைய அம்மா மாரித்தாய் பதினெட்டு வருஷமாகத் திரி வெட்டிச் செருகுகிறாள். ஒருவர் பக்கத்தில் ஒரு தட்டுக்குமேல் சரக்கு இருக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. மாரித்தாய் மூன்று தட்டு வைத்துக்கொள்வாள். முட்டி வலி, ஒவ்வொரு தட்டுக்கும் எழுந்து எழுந்து நடக்க முடியாது. இதுவரை சூப்பர்வைசராக இருந்த பாண்டிச்செல்வம் கண்டும் காணாமல் போய்விடுவார். இசைவாணி அப்படிப் போக முடியாது. எல்லார் முன்னாலும் பெற்ற தாயிடம் "ரெண்டு தட்ட எடு" என்று தன்னால் சொல்ல முடியுமா என்பதுதான் பத்து நாளாக அவளை அரித்துக்கொண்டிருக்கிறது. சொல்லாமல் விட்டால் ஒருநாள் அந்த ஷெட்—

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். மேலே வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

இனி உடுப்பு. சூப்பர்வைசர் என்றால் ஆணோ பெண்ணோ சட்டை, பேன்ட்தான் என்று கம்பெனி புதிதாக உத்தரவு போட்டிருக்கிறது. முழுக்கக் காட்டன்; நைலான் நூல்கூட ஆகாது. அளவை அவரவரே ஆன்லைனில் பார்த்து நிரப்பிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு லிங்க் மூடிவிடும். உடுப்பு அடுத்த சனிக்கிழமை வரும்; வந்ததை மாற்றித் தர மாட்டார்கள். யூனிபார்ம் இல்லாமல் போனால் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்; ஷெட்டும் பாண்டிச்செல்வத்திடமே போய்விடும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மணி நாலு.

3

இசைவாணியின் உடம்பில் இதுவரை டேப் பட்டதில்லை. ஜாக்கெட் தைக்க அளவு ஜாக்கெட் கொடுத்தால் போதும், பழையதைப் பார்த்துப் புதியது தைத்து வந்துவிடும். அந்த அளவு ஜாக்கெட்டுக்கும் முன்னால் ஒரு அளவு ஜாக்கெட் இருந்திருக்கும் அல்லவா? அப்படியானால் முதல் ஜாக்கெட்டை எதைப் பார்த்துத் தைத்தார்கள்? இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, கதைக்கு ஆகாது என்று கிழித்துப் போட்டேன். சுடிதாருக்கு நாடா இருக்கிறது. நாடா யார் இடுப்பையும் கேள்வி கேட்காது. பேன்ட் கேட்கிறது.

தையல்காரி முத்துமாரியிடம் இரவல் வாங்கிய டேப்போடு கண்ணாடி முன் நின்றாள். போன் திரையில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள்: "நேராக நிற்கவும். மூச்சை உள்ளிழுக்க வேண்டாம். உங்கள் இயற்கையான இடையைக் கண்டறியவும்."

"செயற்கையா வேற ஒண்ணு இருக்காக்கும்?" என்று போனிடமே கேட்டாள்.

முதல் தடவை இருபத்தேழு. மூச்சைப் பிடித்திருக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது. இரண்டாம் தடவை முப்பத்தொன்று. முதுகுப் பக்கம் டேப் தொங்கிவிட்டது. மூன்றாம் தடவை இருபத்தொன்பது. அவளுக்கே வேடிக்கையாகிவிட்டது. இருபத்தாறு வருஷம் கூடவே இருக்கிற உடம்பு, ஒரு கணக்குக் கேட்டால் இப்படியா தடவைக்கொரு பதில் சொல்லும்? தொப்புளுக்கு மேலே வைத்து ஒரு தடவை, கீழே வைத்து ஒரு தடவை என்று விடாமல் அளந்து பார்த்தாள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. மணி நாலரை ஆகிவிட்டதை நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

4

வீட்டில் அப்பா வெள்ளைத்துரையும் உண்டு. மூன்று பேரை வைத்துக்கொண்டு என்னால் சமாளிக்க முடியாது என்பதால் அவரை இருக்கன்குடி கோயிலுக்கு பஸ் ஏற்றிவிட்டேன். கதை முடிகிறவரை வர மாட்டார்.

மாரித்தாய் முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மகள் சூப்பர்வைசர் ஆனதில் அவளுக்குச் சந்தோஷம்தான். தெருவெல்லாம் சொல்லியாயிற்று. மகளிடம் பேசும்போது மட்டும் வார்த்தையில் ஒரு முள் இருக்கும்.

"என்ன சூப்பர்வைசரம்மா, தனியா பம்பரமாச் சுத்துறீக?"

"இடுப்பளவு கேக்குறாகம்மா. பின்னால டேப்பு வழுகுது. கொஞ்சம் புடியேன்."

"டேப்பு என்னத்துக்கு? வா இங்கன."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மகளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். கட்டைவிரலை ஊன்றி, சுண்டுவிரலை விரித்து, ஒவ்வொரு சாணாக இடுப்பைச் சுற்றி வந்தாள்.

"எம்மா, கூசுது!"

"ஆடாத நில்லுடி. எண்ணிக்கை விட்டுப்போயிரும்."

சரியாக நாலு சாண்.

"நாலேழு இருவத்தெட்டு. போடு."

"உன் சாணு ஏழு இஞ்சா?"

"ஏழுதான். பட்டைய வச்சு வெட்டுனது மொத ஆறு மாசந்தான். அப்புறம் எல்லாம் என் கைதான்."*

(* ஷெட்டில் திரி நறுக்க ஒரு மூங்கில் பட்டை உண்டு. அதை 'ஏழு' என்பார்கள். இதை நானே உண்டாக்கினேன், போய்த் தேடாதீர்கள்.)

இசைவாணி சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் எனக்கும் வேலை மிச்சம். ஆனால் தெரிந்துகொள்ளாமல் விடுகிற ஜாதி இல்லை அவள். டேப்பின் ஒரு முனையை அம்மா கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னாள். முப்பது.

"இன்னொரு வாட்டி பாரு."

மறுபடியும் முப்பது.

"டேப்பு இழுபட்டுப் போயிருக்கும். அந்த முத்துமாரிகிட்ட எதுதான் உருப்படியா இருக்கு?"

"எம்மா, கைய விரி."

விரித்த கைமேல் டேப்பை வைத்தாள். ஏழரை இஞ்ச்.

மாரித்தாய்க்கு முகம் மாறிவிட்டது. "பதினெட்டு வருசமா ஏழுதான்டி வெட்டுறேன். எம்புட்டு லோடு போயிருக்கும்! ஒரு திரி நீளங்கொறைச்சல்னு திரும்பி வந்ததில்ல."

"வராதும்மா. பட்டையே ஏழரைதான். உள்ள செருகுறதுக்கு அரை இஞ்ச் கூட விட்டிருக்கு. பேருதான் ஏழு. டிரெய்னிங்ல அளந்து காட்டுனாக."

மாரித்தாய் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பிப் பார்த்தாள், மறுபடி விரித்துப் பார்த்தாள். இதை ஏன் சொன்னோம் என்று இசைவாணிக்கு இருந்தது.

5

மணி நாலு நாற்பத்தெட்டு. போனில் 'இடுப்பு' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

அ) இருபத்தெட்டு என்று போட்டுவிடுகிறாள். அம்மா முகம் தெளிகிறது. சனிக்கிழமை வருகிற பேன்ட் இடுப்புவரை ஏற மாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை கேட்டுக்கு வெளியே நிற்கிறாள்.

ஆ) முப்பது என்று போடுகிறாள். பேன்ட் கச்சிதம். அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

இ) நடுவில் இருபத்தொன்பது. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, யாருக்கும் மனசு நோகாது. ஆனால் அந்தப் பட்டியலில் இருபத்தெட்டுக்கு அடுத்தது முப்பதுதான். நானும் மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடிப் பார்த்துவிட்டேன்.

மூன்றையும் வைத்துக்கொண்டு நான் முழித்துக்கொண்டிருந்தபோது மாரித்தாய் பேசினாள். நான் அவளுக்கு வசனம் எதுவும் வைத்திருக்கவில்லை.

"முப்பதே போடு."

"எம்மா..."

"டேப்பு சொன்னதப் போடுங்கேன். மணி ஆகுதுல்ல?"

இசைவாணி போட்டாள். நாலு ஐம்பத்தொன்றுக்கு ஆர்டர் ஏறியது. இங்கேயே நிறுத்தியிருப்பேன். பஸ்ஸில் பிடித்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் மாரித்தாய் டேப்பின் முனையை இன்னும் விடவில்லை. விரித்துப் பார்த்த கையைத் திரும்ப மகளின் இடுப்பில் வைத்தாள்.

"ஏ இசை, ஒண்ணு கேக்கேன். திங்கக்கெளம ஷெட்டுக்கு வருவீல்ல. எம் பக்கத்துல மூணு தட்டு இருக்கும். அப்பவும் இப்படித்தான் எங்கிட்டச் சொல்லுவியா? அம்புட்டுப் பேருக்கு முன்னால?"

இதைத்தானே பத்து நாளாக இவள் வெளியே விடாமல் வைத்திருந்தாள்! அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? அம்மாவும் அந்தப் பத்து நாளும் தூங்கவில்லையோ என்னவோ.

கேட்ட குரலில் கோபம் இருந்ததா, கெஞ்சல் இருந்ததா, சொல்லிவிடு என்ற தைரியம் இருந்ததா? எழுதிய எனக்கே தெரியவில்லை. "சொல்லுவேன்" என்று எழுதினேன். அம்மாவின் முட்டி கண் முன்னால் வந்தது, அடித்தேன். "உங்கிட்டப் போயிச் சொல்லுவேனாம்மா" என்று எழுதினேன். நான் முடிக்காமல் விட்ட அந்த ஷெட் வாக்கியம் தானாக முடிந்துகொண்டது, அதையும் அடித்தேன். ஐந்து தடவை எழுதி ஐந்து தடவை அடித்தாயிற்று.

அதனால் நீங்கள் ஒரு உபகாரம் செய்யுங்கள். அம்மாவின் கை உங்கள் இடுப்பில் இருக்கிறது. அவள் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். பதிலை மனசுக்குள் சொல்லாதீர்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "எம்மா" என்று தொடங்குங்கள். அதுவரைக்கும் எனக்கும் வந்தது.