வயிற்றின் மேல் ஒரு டம்ளர்

அன்று காலையிலிருந்தே நர்ஸம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், வாழ்க்கையில் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு வண்டி வாங்கப் போகிறாள். அதுவும் சாதாரண வண்டியா? நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. பழையதுதான். இருந்தால் என்ன, மலை மட்டும் புதுசா?

அவள் வேலை பார்க்கும் சுகாதார நிலையம் மலையடிவாரத்தில் இருந்தது. தார் ரோடு ஓர் ஓடைக்கரையோடு முடிந்துவிடும். ஆம்புலன்ஸ் அதுவரைதான் வரும். அதற்கு மேல் ஒன்பது கிலோமீட்டர் ஏறினால் நாற்பது வீடுகள். நடுவில் இருப்பதைப் பாதை என்று சொன்னால் பாதையே கோபித்துக்கொள்ளும்.

இருபது வருஷமாக அவள் அங்கே போய்வந்தது கணவரின் பைக்கில். அவர் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கண்ணைக் கல்லில் வைத்துக்கொண்டு ஓட்டும் அவருக்கு வளைவைச் சொல்வது பின்னால் உட்கார்ந்திருக்கும் அவள் பொறுப்பு. அவள் "முக்கு!" என்பாள், அவர் ஹாரன் அடிப்பார். இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. சாப்பிடும்போது "தெரு முக்குல ஒரு கடை திறந்திருக்காங்க" என்று அவள் சொன்னால்கூட அவருடைய கட்டைவிரல் தானாக அசையும்.

பைக்கில் நர்ஸ் ஏறலாம், நிறைமாதக்காரி இறங்க முடியுமா? மேலே பள்ளிக்கூடம் நடத்தும் டீச்சருக்கு முந்தின வருஷம் வலி எடுத்தபோது சரக்கு வண்டி ஒன்றில்தான் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். குலுங்கிக் குலுங்கி வந்த வண்டி ஓடைச் சேற்றில் இரண்டு மணி நேரம் சிக்கிக்கொண்டது. குழந்தை சத்தமில்லாமல் பிறந்து, சத்தமில்லாமலே போய்விட்டது. இப்போது டீச்சர் மறுபடி நிறைமாதம். நாள் குறித்ததற்கு இன்னும் பத்து நாள். போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது அவள் கேட்டது ஒரே கேள்வி.

"சிஸ்டர், இந்தத் தடவையும் அந்த வண்டிதானா?"

அன்றைக்கே நர்ஸம்மா முடிவு பண்ணிவிட்டாள். இந்தப் பிள்ளை அந்த ஓடையில் சிக்கக் கூடாது.

பழைய வண்டி விற்பவருக்கு 'கேரண்டி' என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, வாங்கினவர்கள் வைத்தது. கணவரையும் தெரிந்த மெக்கானிக் தம்பி ஒருவனையும் கூட்டிக்கொண்டு அவள் கேரண்டியின் கொட்டகைக்குள் நுழைந்ததும், அவர் வெள்ளை வெளேரென்று ஒரு வண்டியைக் காட்டினார். திரை என்ன, விளக்கு என்ன, மேனாமினுக்கி! கணவருக்கு அதைப் பார்த்ததுமே வாயெல்லாம் பல்.

"போர் வீல் சார். எந்த மலையும் ஏறும், கேரண்டி!"

தம்பி அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் போனான். இரண்டே நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

"அக்கா, முன் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டையே காணோம். டீசல் மிச்சம் பிடிக்க எவனோ கழட்டி எடைக்குப் போட்டிருக்கான். பேர்தான் போர் வீல், இழுக்கிறது ரெண்டுதான்."

"அப்படியா? எனக்கே தெரியாதே!" என்றார் கேரண்டி. முகத்தில் ஈயாடவில்லை.

"வெளுத்ததெல்லாம் பாலுன்னு நெனைச்சீங்களே" என்று நர்ஸம்மா கணவரை இடித்தாள்.

இரண்டாவது வண்டி ஒட்டகம் மாதிரி உயரம். தம்பி அடியில் போய்ப் பார்த்து, எல்லாம் இருக்கிறது என்றான். அப்போதுதான் நர்ஸம்மா பையிலிருந்து எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள்.

"இதுல தளும்பத் தளும்பத் தண்ணி குடுங்க."

தாகமாக்கும் என்று கேரண்டி பிடித்துக் கொடுத்தார். அவளோ பின் சீட்டில் ஏறி மல்லாந்து படுத்தாள். டம்ளரை வயிற்றின் மேல் வைத்து இரண்டு விரலால் தாங்கிக்கொண்டாள்.

"ஏங்க, எடுங்க வண்டியை. எனக்கு இது பத்தாவது மாசம்."

கேரண்டிக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அவரையும் முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு, கணவர் கொட்டகைக்குப் பின்னால் இருந்த கல்குவாரிப் பாதையில் வண்டியை விட்டார். முதல் பள்ளத்தில் பாதித் தண்ணீர் போயிற்று, இரண்டாவதில் மீதியும் போயிற்று. மூன்றாவதில் டம்ளரே கேரண்டியின் பிடரியில் வந்து விழுந்தது.

"எலும்பை எண்ணிடுச்சு! இதுல வந்தா பிள்ளை பாதி வழியில தானா எறங்கி நடந்து வந்துடும்" என்றாள் நர்ஸம்மா, நனைந்த துணியைப் பிழிந்துகொண்டே.

மூன்றாவது வண்டியைக் கேரண்டி காட்டவே இல்லை. மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததைத் தம்பிதான் கண்டுபிடித்தான். மங்கிப்போன பழுப்பு நிறம், ஒரு கதவு முழுக்கக் கீறல். ஆனால் அடியில் போனவன் வெளியே வரவே மனசில்லாமல் கிடந்தான்.

"அக்கா! ஷாஃப்ட் இருக்கு, சேத்துல மெதுவா இழுக்கிற குட்டி கியர் இருக்கு, பின்னாடி ஸ்பிரிங் புதுசு! இதை ஓட்டினவன் பிள்ளை மாதிரி வளர்த்திருக்கான்!"

கணவர் ஏறி உட்கார்ந்து ஹாரனை அழுத்தினார். அசல் பஸ் ஹாரன். கொட்டகைக் கூரையிலிருந்த புறாக்களெல்லாம் பறந்தன. அவர் முகம் கல்யாண மாப்பிள்ளை முகமாக மாறியது.

"இருங்க, டம்ளர் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்றாள் அவள். டம்ளரை மறுபடி தளும்ப நிரப்பி வாங்கிக்கொண்டு பின் சீட்டில் மல்லாந்தாள். "குவாரியெல்லாம் வேண்டாம். நம்ம பாதையிலேயே ஏத்துங்க."

தம்பி தன் பட்டறைக்குப் போய்விட, கேரண்டி முன் சீட்டில் தொற்றிக்கொண்டார். எங்கே போனாலும் கூட வருகிற பிரசவப் பை காலடியில் இருந்தது. ஓடைச் சேற்றைக் குட்டி கியரில் முனகாமல் கடந்தது வண்டி. பிறகு ஏற்றம். படுத்திருந்தவள் கண்ணுக்கு வண்டியின் கூரை மட்டும்தான் தெரிந்தது. ஆனால் எந்த வளைவு எங்கே என்று அவள் முதுகுக்குத் தெரியும்.

"முக்கு!"

'பாம்!'

"முக்கு!"

'பாம்!'

"சிஸ்டர், படுத்துக்கிட்டே எப்படி..." என்று வாய் பிளந்தார் கேரண்டி.

ஒன்பது கிலோமீட்டர் முடிந்தபோது டம்ளரில் ஒரு விரல்கடை அளவுதான் குறைந்திருந்தது. நர்ஸம்மா எழுந்து உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினாள். "இதைப் பிடிங்க, சிந்தாம!" என்று டம்ளரைக் கேரண்டியிடம் நீட்டிவிட்டு, டீச்சருக்குக் காட்டலாம் என்று குதிக்காத குறையாக இறங்கினாள்.

இறங்கியவளை நோக்கி டீச்சரின் கணவன் ஓடிவந்தான்.

"இப்பத்தான் போன் பண்ணப் போனேன் சிஸ்டர், சிக்னல் கிடைக்கல. காலையில இருந்து வலி!"

உள்ளே போய்க் கையை வைத்துப் பார்த்தாள். பத்து நாள் பொறுக்கிற பிள்ளையாகத் தெரியவில்லை. மலையை விட்டுக் கீழே இறக்கிவிடலாம், ஆனால் நேரத்தை வீணாக்க முடியாது.

"சிஸ்டர், எந்த வண்டி?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள் டீச்சர்.

"நம்ம வண்டி, கண்ணு."

இன்னும் வாங்கவில்லை என்பது கேரண்டிக்கு ஞாபகம் வந்திருக்கும். ஆனாலும் அவர் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். டீச்சரைப் பின் சீட்டில் படுக்க வைத்து, நர்ஸம்மா அவள் காலருகே ஒண்டிக்கொண்டாள். டீச்சரின் கணவன் பின்னால் மூட்டை வைக்கிற இடத்தில் ஏறினான். வண்டி கிளம்பியதும் மழை பிடித்தது.

இறக்கம் முழுக்க நர்ஸம்மாவின் கை டீச்சரின் வயிற்றில் இருந்தது. கல் வந்தது, பள்ளம் வந்தது. வண்டி ஆடியதே தவிர உதறவில்லை. ஆனால் ஓடை நெருங்க நெருங்க டீச்சரின் விரல்கள் அவள் மணிக்கட்டை நெரித்தன. தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதே இடம்.

"இங்கதான்... இங்கதான் சிஸ்டர்..."

"இங்க இல்ல. பிள்ளை பிறக்கப்போறது அந்தக் கரையில. கொஞ்சம் பொறுத்துக்கோ."

கணவர் இறங்கி முழங்கால் ஆழம்தான் என்று நடந்து பார்த்துவிட்டு வந்தார். ஆழம் தெரியாமல் காலை விடுகிற ஆளா அவர்? குட்டி கியரைப் போட்டார். முன் சக்கரம் சேற்றில் புதைந்து ஒரு நொடி திணறியது. கேரண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டார். பின் சக்கரங்கள் தள்ள, முன் சக்கரங்கள் பிடித்து இழுக்க, வண்டி எருமை கரையேறுவது போல நிதானமாகக் கரையேறியது. நர்ஸம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"ஏங்க, நிறுத்துங்க! தலை தெரியுது!"

தார் ரோட்டின் ஓரத்தில் வண்டி நின்றது. இனி எல்லாம் அவள் ராஜ்யம்.

"இப்ப முக்கு!"

'பாம்!'

நர்ஸம்மா திடுக்கிட்டாள். கணவர் ரோட்டைப் பார்த்தபடி பக்தியாக உட்கார்ந்திருந்தார்.

"நல்லா முக்கு கண்ணு, முக்கு!"

'பாம்! பாம்!'

"ஐயோ, உங்களைச் சொல்லலைங்க!"

வலியின் நடுவே டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்போடு சேர்ந்து அவள் முக்க, பிள்ளை வழுக்கிக்கொண்டு நர்ஸம்மாவின் கையில் வந்து விழுந்தது. பெண்.

சத்தமில்லை.

நர்ஸம்மா துணியால் துடைத்தாள், வாயைச் சுத்தம் செய்தாள், முதுகை அழுத்தித் தேய்த்தாள்.

"சிஸ்டர், ஏன் அழல?" டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "போன தடவையும் இப்படித்தான்..."

"அழுவா. அழுவா பாரு." இன்னும் வேகமாகத் தேய்த்தாள். வா கண்ணு, வா கண்ணு. விரலுக்குக் கீழே அந்தச் சின்ன முதுகு ஒருமுறை விம்மியது. மூக்கு சுருங்கியது, மெல்லிசாக ஒரு முனகல்.

"முக்குது!" என்று நர்ஸம்மா கத்தினாள். "முக்குதுங்க!"

'பாஆஆஆம்!'

பிள்ளைக்குத் தூக்கிவாரிப்போட்டது; இரண்டு கையையும் விரித்தது. முகம் சிவந்தது. அந்த ஹாரனே வெட்கப்படும்படி ஒரு வீறல் வீறிட்டது.

டீச்சர் அழுதாள், அவள் கணவன் அழுதான், நர்ஸம்மாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். பிள்ளையை மூச்சுவிட வைத்தது தன் கைதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துக் குலுங்கிக்கொண்டிருந்த மனுஷனிடம் அதைப் போய்ச் சொல்வானேன்?

"தண்ணி..." என்றாள் டீச்சர்.

அப்போதுதான் எல்லாரும் கேரண்டியைப் பார்த்தார்கள். மலை மேலே அவளிடமிருந்து வாங்கின டம்ளரை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி அவர் இன்னும் உட்கார்ந்திருந்தார். முக்கால் டம்ளர் இருந்தது. டீச்சர் ஒரே மூச்சில் குடித்துமுடித்தாள்.

"என்னங்க," என்றாள் நர்ஸம்மா அவரிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த வண்டிக்கு மட்டும் கேரண்டின்னு சொல்லலையே நீங்க?"

கேரண்டி காலி டம்ளரை வாங்கி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சரி, வண்டி எங்களுக்குத்தான். பின் சீட்டை நாங்களே கழுவிக்கிறோம்."

சுகாதார நிலையத்துக்கு வண்டி கிளம்பியது. பிள்ளை அம்மாவின் மார்பில் கண்ணயர்ந்துவிட்டது. சற்று தூரத்தில் ரோடு திரும்பியது. பழக்கதோஷத்தில் நர்ஸம்மா வாயைத் திறந்தவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்னால் குனிந்து, கணவரின் காதருகே வாயை வைத்து, இருபது வருஷத்தில் முதல்முறையாக வேறு வார்த்தை சொன்னாள்.

"ஏங்க... வளைவு."