அரிவே என்ற வினைச்சொல்

மாலை வகுப்பில் ஆளுக்கொரு பிரெஞ்சு வினைச்சொல்லின் வரலாற்றைப் பேச வேண்டும் என்றதும் சிவமலர் ‘அரிவே’யை எடுத்துக்கொண்டாள். வந்துசேர்தல். தொண்ணூற்று நான்காம் ஆண்டு மாரியில், தம்பி பாஸ்கரன் இத்தாலிக்குப் படகேறிய வாரம் அது. வேறு சொல் எதுவும் மனதில் வரவில்லை.

லண்டனில், மிச்சம் என்ற பகுதியின் நூலகத்தில் ஓர் அகராதியில் கண்டதை இன்னொன்றில் சரிபார்த்தாள். அதிலும் நம்பிக்கை வராமல் மூன்றாவதையும் எடுத்தாள். லத்தீனில் ‘ரீப்பா’ என்றால் கரை. அதன்வழி பிறந்த பிரெஞ்சுச் சொல் முதலில் படகு கரை தொடுவதைத்தான் குறித்தது. தரைவழியே வருகிறவர்கள் பிறகுதான் அதற்குள் வந்தார்கள். அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனது, ஒல்லாந்துக்காரரிடம் போனது. ஜெர்மன்காரர் வாழ்க்கையில் முன்னுக்கு வந்தவனுக்கு அதைச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை பத்மநாதன் அவளுக்குப் போன் எடுத்தார். தம்பியை அனுப்ப ஏஜென்ட்டைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான்.

“பிள்ளை, பெடியள் இறங்கீட்டாங்களாம். ஈலிங் அம்மனுக்கு ஒரு அர்ச்சனை செய்துபோடு.”

“தம்பி கதைச்சவனோ அண்ணை?”

“உனக்கு எல்லாத்திலையும் சந்தேகம். கதைப்பான்.”

அர்ச்சனை செய்தாள். ஞாயிற்றுக்கிழமைச் செய்தியில், இத்தாலியின் தென்கரைக்கு அப்பால் ஒரு படகு கவிழ்ந்தது என்றார்கள். சிலரைக் காப்பாற்றியிருந்தார்களாம்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் அவளுடைய முறை. “முதலில் இந்தச் சொல்லுக்குக் கரையைத் தொடுவது என்றுதான்...” அங்கேயே நிறுத்திவிட்டு, தம்பி ஏறிய படகைப் பற்றிச் சொன்னாள். ஆசிரியை மரீசா இத்தாலிக்காரி. விஷயத்தைக் கேட்டதும் வகுப்பை அப்படியே விட்டு அவளை அலுவலகத்துக்கு அழைத்துப்போய், அங்கிருந்து அந்தக் கரையோரப் பொலிசைத் தேடிப் பிடித்தாள். பாஸ்கரன் என்ற பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

“பிழைத்தவர்களில் அப்படி ஒருவரும் இல்லையாம். வேறு பெயர் இருக்கிறதா?”

இருந்தது. அவன் யாருடையதோ கடவுச்சீட்டில் புறப்பட்டவன். சிவமலர் வெளியே ஓடிப்போய்க் காசுபோடும் போனில் பத்மநாதனை அழைத்தாள்.

“அண்ணை, தம்பியை என்ன பேரிலை அனுப்பினவங்கள்?”

“அது ஏஜென்ட்டுக்குத்தான் தெரியும். ரெண்டு நாளா அவன்ரை போன் வேலை செய்யேல்லை. ஏன்... பொலிசிட்டையோ கேட்டனி? உனக்கென்ன விசரே? திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்!”

“அனுப்பட்டும் அண்ணை. உயிரோடை அனுப்பட்டும்.”

அவள் போனை வைத்தாள்.

திரும்பி வந்தபோது மரீசா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே காத்திருந்தாள்.

“பெயர் தெரியாது,” என்றாள் சிவமலர். “இருபத்திரண்டு வயது. ஒல்லி. கறுப்பு.”

மரீசா அதைச் சொன்னாள். மறுமுனையில் சொன்னதை மெதுவாக மொழிபெயர்த்தாள்: “பிழைத்தவர்கள் எல்லோருமே அப்படித்தானாம். கரையில் கிடத்தியிருப்பவர்களும் அப்படித்தானாம். மீசை இருக்குமா என்று கேட்கிறார்.”

சிவமலர் தம்பியைப் பார்த்து ஐந்து வருடமாகிறது. கடைசியாகப் பார்த்தபோது அவனுக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்தது.

“தெரியாது,” என்றாள்.