வண்டி பாடுது

அண்ணன் விபத்தில் போய்ச் சில மாதங்கள் ஆகியும் அவனுடைய பழைய மோட்டார் சைக்கிளைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் அண்ணியே அதை ஒரு சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு வெளியூரிலிருந்து தம்பியின் பட்டறைக்கு வந்து சேர்ந்தாள். பின்சக்கரம் இறுகிப்போய் உருள மறுத்தது. தரதரவென்று இழுத்துத்தான் உள்ளே கொண்டுபோனார்கள்.

"பிரிச்சுப் பாருடா," என்றாள். "ரிப்பேர் பண்றது இருக்கட்டும், முதல்ல என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும். குடிச்சுட்டு ஓட்டினாருன்னு ஆளாளுக்குப் பேசறாங்க. பொண்ணு பள்ளிக்கூடத்துலேர்ந்து அழுதுகிட்டே வர்றா. அப்பா குடிச்சாராம்மான்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்ல?"

அண்ணன் குடியை விட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. கேட்பார் யார்? வண்டியில் போனவன் விழுந்து செத்தால் ஒன்று குடித்திருக்க வேண்டும், இல்லை பறந்திருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு மூன்றாவது காரணமே தெரியாது.

தம்பி மறுபேச்சில்லாமல் ஸ்பேனரை எடுத்தான். அண்ணி கல்யாணமாகி வந்தபோது அவன் அரைக்கால் சட்டைப் பையன், தாயில்லாப் பிள்ளை. சோறு போட்டு, தலைக்கு ஊற்றி, நாலு திட்டுத் திட்டி ஆளாக்கியது அவள்தான். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாத அவனுக்கு இப்போது சொந்தம் என்று இருப்பது அவளும் அந்தப் பெண்ணும் மட்டுமே.

கியர்பெட்டியைத் திறந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. சீல் கிழிந்து, எண்ணெய் முழுக்க ஒழுகி, உள்ளே வறண்டு கிடந்தது. பேரிங் நொறுங்கி, அதிலிருந்து ஒரு குண்டு பிதுங்கி, இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே போய் மாட்டியிருந்தது. ஓடுகிற வண்டியின் பின்சக்கரத்தை அது ஒரே பிடியாகப் பிடித்திருக்கும்.

"அண்ணன் மேல தப்பே இல்ல அண்ணி. யாரு ஓட்டியிருந்தாலும் தூக்கித்தான் எறிஞ்சிருக்கும்."

அண்ணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "என் வயித்துல பால வார்த்தடா," என்றாள்.

அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியர்பெட்டியின் அலுமினிய உறையை அடுப்பில் வைத்தான். சூட்டில் உறை விரியும், பழைய பேரிங் தானாகக் கழன்று விழும், ஐஸ் பெட்டியில் வைத்த புது பேரிங் வழுக்கிக்கொண்டு உட்காரும். பேரிங் போடச் சுத்தியலை எடுக்கிறவனை அவன் மெக்கானிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சூடேறும்வரை சும்மா இருந்திருக்கலாம். நாக்கில் சனி.

"ஆனா இது ஒரே நாள்ல போறது இல்ல அண்ணி. முன்னாடியே சத்தம் குடுத்திருக்கும். அண்ணன் ஒண்ணும் சொல்லலையா?"

"சத்தமா? சேச்சே, அவரு குஷியால்ல இருந்தாரு! 'வண்டி பாடுது, தம்பிகிட்ட சொல்லிடு'ன்னாரு. ரெண்டு மூணு தடவை சொன்னாரு. பெருமையப் பாருன்னு நான் சிரிச்சுகிட்டே விட்டுட்டேன்."

அதைச் சொல்லும்போதும் அவள் சிரித்தாள். எத்தனையோ நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு.

தம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அண்ணனும் அவனும் சேர்ந்து பட்டறை நடத்திய காலத்தில் உண்டாக்கிக்கொண்ட பாஷை அது. கிளட்ச் வழுக்கினால் கொட்டாவி விடுது, செயின் தளர்ந்தால் தாளம் போடுது, பேரிங் சாகக் கிடந்தால் பாடுது. போனில் பேச இருவருக்கும் வராது. ஞாயிற்றுக்கிழமை அண்ணி கூப்பிடும்போது அவள் வழியாகத்தான் எல்லாச் செய்தியும். அவள் இதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பான். ஒரு சீல், ஒரு பேரிங். தம்பி வருவான் வருவான் என்று பார்த்துக்கொண்டே அந்த மனுஷன் வண்டியை ஓட்டியிருக்கிறான்.

"ஏன்டா அப்படிப் பாக்கற?" அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "பாடுதுன்னா நல்லதுதானே?"

"நல்லதுதான் அண்ணி. நல்லா ஓடுதுன்னு அர்த்தம்."

"அப்ப சத்தம் குடுத்திருக்கும்னியே?"

"ஒழுங்காப் போட்ட பேரிங்னா குடுக்கும்." அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "இது நான் போட்டது. அவசரத்துல, சூடு பண்ணாம, சுத்தியலால அடிச்சு ஏத்திட்டேன். அப்பவே விரிசல் விட்டிருக்கு. அந்த மாதிரி பேரிங் சொல்லாம கொள்ளாமதான் உடையும்."

பொய் அவ்வளவு சரளமாக வந்தது.

உறை காத்திருக்காது. சூடு பதமா என்று தண்ணீர் தெளித்தான், சுர்ரென்றது. மரக்கட்டையில் ஒரு தட்டுத் தட்ட, பழைய பேரிங் கீழே விழுந்தது. புதியதைக் குழியில் விட்டான். டொக்கென்று உட்கார்ந்துகொண்டது. கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"இவ்வளவுதான் வேலையா?" என்றாள் அண்ணி.

"இவ்வளவுதான்."

"இதுக்காடா உனக்கு நேரமில்லாமப் போச்சு?"

உண்மை தொண்டைவரை வந்தது. அதை அவள் தலையில் போட்டால் அப்புறம் அவள் எப்படித் தூங்குவாள்? விழுங்கிவிட்டான்.

அவள் எழுந்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா குடிக்கலன்னு பொண்ணுகிட்ட சொல்லிடறேன். வண்டிய நீங்களே வச்சுக்குங்க. இனிமே வீட்டுப் பக்கம் வராதீங்க."

அவனை அவள் 'நீங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.