பதினைந்து அறைகள் கொண்ட கார்

தாமரைச்செல்வியின் காரில் முதல் அறை முளைத்தது மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு. பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு கதவு. திறந்தால் இருபதடிக்கு இருபதடியில் ஓர் அறை, கிழக்கே ஜன்னல். வெளியிலிருந்து பார்த்தால் கார் அதே நீளம்தான். அவள் சான் ஹோசேயில் ஒரு கல்லூரியிலும் ஃப்ரீமான்ட்டில் இன்னொன்றிலும் பகுதிநேரமாகப் பாடம் நடத்தினாள்: விக்டோரியா காலத்து ஆங்கில நாவல்களில் ஏழைகள். அந்தச் சம்பளத்துக்கு வீடு கிடைக்காததால் ஐந்து மாதமாகக் காரில் குடியிருந்தாள். ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூவுக்கு ஒரு தெரு தள்ளி, ஒரு மேப்பிள் மரத்தடியில்.

அன்று காலை அவள் காரை ஒட்டி நின்று பல் தேய்ப்பதை, அவளுக்குத் தெரிந்த அனந்தராமன் பார்த்துவிட்டார். மென்பொருள் கம்பெனி ஒன்றில் டைரக்டர். கையில் முருங்கைக்காய்ப் பை.

“உன்னை யாரும்மா லிட்டரேச்சர் படிக்கச் சொன்னா? ஆறு மாசம் ஒரு கோடிங் கோர்ஸ் பண்ணு. லைஃப் செட்டில்.”

“சரி அங்கிள்,” என்றாள் வாயில் நுரையோடு.

அவர் போனார், மதியம் அறை வந்தது. வியாழக்கிழமை பர்வதம் ஆன்ட்டி வந்து, காபியை வெளியில் வாங்கிக் குடிப்பதால்தான் இந்த நிலைமை என்றார். மாலைக்குள் சமையலறை, நான்கு அடுப்புகளோடு. அனந்தராமனின் நண்பர் பிச்சுமணி, காலையில் ஐந்து மணிக்கு எழுந்தால் எல்லாம் சரியாகும் என்றார். குளியலறை, வெந்நீரோடு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவுரைகளுக்கு எதுவும் முளைக்கவில்லை. நேரில் வந்து சொல்ல வேண்டும். “ஐயோ பாவம்” என்று மட்டும் சொன்னவர்களால் ஆளுக்கொரு அலமாரி வந்தது. சன்னிவேலிலிருந்து ஒருவர் விடுமுறை போட்டு வந்து, வாடகை குறைவு, டெக்சாஸ் போய்விடு என்று சொல்லி ஒரு கூடத்தைத் தந்துவிட்டுப் போனார். மே மாதத்துக்குள் பதினோரு அறைகள்.

வகுப்பில் அவள் இதை மறைக்கவில்லை. அந்தக் காலத்து லண்டனில் வசதியான பெண்கள் ஏழைகளின் வீடுகளுக்குச் சிறு புத்தகங்களோடு போவார்கள் என்று சொன்னாள். சிக்கனம், சோப்பு, ஜெபம் பற்றிய புத்தகங்கள். உதவிக்குத் தகுதியான ஏழை யார், தகுதியில்லாத ஏழை யார் என்று பிரித்தும் வைத்திருந்தார்கள். அதிதி என்ற மாணவி கையைத் தூக்கினாள். “தென் வொய் டிட்ன்ட் தே கெட் ரூம்ஸ், ப்ரொஃபெசர்?” நியாயமான கேள்வி. அத்தனை அறிவுரைக்கும் அறை முளைத்திருந்தால் லண்டன் இன்று ஸ்காட்லாந்து வரை போயிருக்கும். தாமரைச்செல்வி அதைத் தேர்வில் கேட்டாள்.

பதினோராவது அறைக்குப் பிறகு கார் நகரவில்லை. டயர்கள் நான்கு விரற்கடை தாருக்குள் இறங்கியிருந்தன. மூன்று நாளில் எடுக்காவிட்டால் இழுத்துச் செல்வோம் என்று நகராட்சி கண்ணாடியில் காகிதம் ஒட்டியது. இழுத்துப் போனால் அவளுக்கு வேறு வீடில்லை. திருத்த வேண்டிய நாற்பத்திரண்டு கட்டுரைகளும் உள்ளேதான் இருந்தன.

அறைகளைச் சுருக்க வழி இருந்தது. அறிவுரையைக் கடைப்பிடித்தால் அது தந்த அறை போய்விடும். யார் கடைப்பிடித்தாலும் போதும். பிச்சுமணி ஒருநாள் தவறிப்போய் ஐந்து மணிக்கு எழுந்தபோது குளியலறை அரை அடி குறைந்ததில் அது தெரிந்தது. எல்லாவற்றிலும் பெரியது அனந்தராமனின் அறை. அது போனாலே கார் நகரும். அதற்கு அவள் பாடம் நடத்துவதை விட்டுவிட்டு கோடிங் கோர்ஸில் சேர வேண்டும். முதல் நாள் காலை விண்ணப்பத்தைத் திறந்து பெயர் வரைக்கும் நிரப்பினாள். பதினொன்றரைக்கு வகுப்பு. மடிக்கணினியை மூடிவிட்டுப் பஸ் ஏறினாள்.

திரும்பி வந்து, அறிவுரை சொன்னவர்களை எல்லாம் கூடத்தில் கூட்டினாள். “நான் பண்றதா இல்ல. சொன்னவங்க யாராவது பண்ணுங்க. ரெண்டு நாள்தான் இருக்கு.”

எல்லோரும் உற்சாகமாக ஒப்புக்கொண்டார்கள். பிச்சுமணி மூன்று அலாரம் வைத்து மூன்றையும் அணைத்தார். பர்வதம் ஆன்ட்டி மறுநாள் பத்து மணி வரை தாக்குப்பிடித்து, பத்தேகாலுக்கு ஐஸ் காபியோடு வந்து நின்றார். அனந்தராமன் கோடிங் பாடத்தின் முதல் வீடியோவிலேயே தூங்கிவிட்டார்.

“என்ன ஓய், நீர் டைரக்டர்தானே?” என்றார் பிச்சுமணி.

“அது மேனேஜ்மென்ட். இது வேற. நீர் முதல்ல சீக்கிரம் தூங்கப் பாரும்.”

“அங்கிள், வேண்டாம்!” என்று தாமரைச்செல்வி கத்துவதற்குள் ஒரு அறை வந்துவிட்டது. பர்வதம் ஆன்ட்டி இருவருக்கும் பிராணாயாமம் சிபாரிசு செய்தார்; இன்னொன்று. அவரைச் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னார்கள் இருவரும்; இன்னொன்று. வாயை மூடினால் போதும் என்று யாரோ சொன்னார்கள். அதுவும் அறிவுரைதான். மாடிப்படியோடு வந்தது.

மூன்றாம் நாள் இழுவை லாரி வந்தது. ஓட்டுநர் கொக்கியை மாட்டி இழுத்தார். லாரியின் முன்சக்கரங்கள் ஆகாயத்துக்குப் போயின. அவர் மெதுவாக இறங்கினார். கார் ஓரங்குலம்கூட அசையவில்லை. வட்டி குறைவாக இருந்தபோதே நீங்கள் வீடு வாங்கியிருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவருக்குப் பால்கனி. அதில் உட்கார்ந்து அவர் பர்வதம் ஆன்ட்டி கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டார். அடுத்த வாரம் நகராட்சி காகிதத்தைக் கிழித்துவிட்டு, அசையாதது வாகனமாகாது என்று கதவெண் கொடுத்தது.

வாடகை கட்ட முடியாத இன்னும் ஆறு பகுதிநேர விரிவுரையாளர்கள் அதற்குள் குடிவந்துவிட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் அனந்தராமனுக்கு வேலை போனது. ஏப்ரலில் இரண்டு சூட்கேஸ்களோடு வந்து, முன்சீட்டுக் கதவருகே நின்றார். சமையலறையில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். ஒவ்வொருவர் வாயிலும் ஓர் அறிவுரை இருந்தது. யாரும் சொல்லவில்லை.

“கிழக்கு ரூம் காலியா இருக்கு அங்கிள்,” என்றாள் தாமரைச்செல்வி. “கொஞ்சம் குனிஞ்சு வாங்க.”

தபால்காரர் இப்போது எட்டு பேருக்கான கடிதங்களையும் கார் டிக்கியில் போட்டுவிட்டுப் போகிறார்.