இடது காலில் எலி

பூட்ஸ் பறந்து வந்து தறிக்காலில் மோதிய சத்தத்தில், இழைகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டிருந்த நாடாக்கட்டையை அற்புதராஜ் தவறவிட்டான். எறிந்தவள் அவன் மகள் லூர்து; வயது நாலு. பிறவியிலேயே இடது பாதம் உள்ளே திரும்பியிருந்ததை வேலூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு நிமிர்த்தி, இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் ஒரு ஜோடி கொடுத்திருந்தார்கள். "இதப் போடாம வுட்டா கால் பழையபடி திரும்பிக்கும்" என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தாள். அதெல்லாம் லூர்துவிடம் செல்லுமா? பூட்ஸைக் கண்டாலே வீடு ரெண்டுபடும். மிட்டாய், மிரட்டல், மாதாவுக்கு நேர்ச்சை, எதுவும் பலிக்கவில்லை.

அவன் பெண்டாட்டி மேரி, கன்னியாஸ்திரிகளிடம் பின்னல் கற்ற கைக்காரி. "முழங்கால் வரைக்கும் சாக்ஸ் பின்றேங்க. பூட்ஸுக்கு மேல ஒரு பூனை தெரிஞ்சா போட்டுக்குவா. வரைஞ்சு குடுங்க" என்றாள். கல்யாணப் புடவைக்கு மயிலும் யானையும் கட்டம் போட்டு வரைகிறவனுக்குப் பூனை எம்மாத்திரம்? வாலைச் சுருட்டி, மீசை வைத்து, ஜோராகப் போட்டுக் கொடுத்தான். வலது காலுக்குப் பூனை, இடது காலுக்கு எலி. ஆரணி வெயிலுக்குக் கம்பளி ஆகாது என்று, மேரி பருத்தி நூலில் ஒரு கட்டம் பிசகாமல் பின்னினாள்.

லூர்து காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தாள். உதடு பிதுங்கியது. "பூனை செத்துப்போச்சு!" என்று ஒரே அழுகை.

"நல்லாதானே நின்னுகினு இருக்குது?" எதிரே நின்றிருந்த அற்புதராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. மேரி மகளின் முதுகுக்குப் பின்னால் போய்க் குந்தி, அவள் தோள்மேல் முகத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு சாக்ஸைக் கழற்றி நூலைச் சரசரவென்று பிரித்துவிட்டாள்.

மறுபடி பின்னி முடித்தபோது பூனையும் எலியும் தலைகீழாக இருந்தன.

"இன்னா மேரி, என் டிசைனையே கவுத்துட்ட! கோயில்ல நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?"

"நாலு பேரா போட்டுக்கப் போறாங்க? போட்டுக்கிறவ கண்ணுக்கு நேரா இருந்தா போதுங்க."

லூர்து காலை நீட்டினாள். பார்த்தாள். ரெண்டு காலையும் கிட்டக் கொண்டுவந்து, பூனை பாயப் போன நேரத்தில் வெடுக்கென்று விலக்கிக் களுக்கென்று சிரித்தாள். பூட்ஸை அவளே இழுத்து வந்தாள். "அப்பா, மொதல்ல எலிக் காலுக்குப் போடு. ஓடிடப்போவுது. நல்லா இறுக்கிக் கட்டு!"

அவன் கயிற்றை இறுக்கிக் கட்டினான். அடேயப்பா, மேரிக்கு என்ன மூளை! கல்யாண மண்டபத்தில் நூறு பேர் பார்க்கத்தானே இத்தனை வருஷம் மயிலை வரைந்தான். புடவையைக் கட்டியவள் குனிந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று ஒருநாளாவது நினைத்தானா?

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினார்கள். எதிர்வீட்டுப் பச்சையம்மாள் மடக்கினாள். "இன்னாப்பா அற்புதம், ஊருக்கெல்லாம் மயில் போடறவன் பொண்ணுக்குப் பூனையைக் கவுத்துப் போட்டிருக்கியே!"

அவன் மகளைத் தெருவோரம் உட்காரவைத்தான். "இங்க இவ பின்னால வந்து குந்து, அக்கா" என்று தானும் பக்கத்தில் குந்தினான். பச்சையம்மாள் முனகிக்கொண்டே புடவையைச் சுருட்டி உட்கார்ந்தாள். கோயில் மணி ரெண்டாவது தடவை அடித்தது. முன்னால் போன மேரி திரும்பிப் பார்த்தாள். மூன்று தலையும் ஒட்டிக் குனிந்திருக்க, இரும்புப் பட்டை வைத்த ரெண்டு பூட்ஸும் ஒன்றுக்கொன்று கிட்டக் கிட்டப் போய்க்கொண்டிருந்தன.