கால்படாத இடம்

ஸ்கேன் டேபிளில் கிடந்த ஐந்து வாரக் குழந்தை தன் கைமுட்டியைச் சப்பிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து பட்டினி.

"வெறும் வயித்தோடதான் கொண்டாந்திருக்கோம்" என்றாள் திலகவதி. போன வருஷம் தனக்குப் பித்தப்பைக் கல் பார்த்தபோது அப்படித்தான் சொன்னார்கள்.

"அது பெரியவங்களுக்குங்க. இதைக் குடிக்கக் குடிக்கத்தான் பார்க்கணும்" என்றார் டாக்டர் நித்யா. "அம்மா, பால் குடுங்க."

பிரகதீஸ்வரி மாமியாரைப் பார்த்தாள்.

எட்டு நாளாக அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கவில்லை. குடித்ததெல்லாம் சுவர்வரை பீய்ச்சியடிக்க ஆரம்பித்ததுமே திலகவதி முடிவுகட்டிவிட்டாள், தாய்ப்பால் சேரவில்லை என்று. டப்பாப் பால் வந்தது. அதுவும் சுவருக்குத்தான் போனது. "அது ஒன் பாலோட மிச்சம்டி" என்றாள். பால் கட்டிய மாரைப் பீய்ச்சி, டம்ளரில் பிடித்து, குன்றாண்டார்கோவில் வீட்டுக் கொல்லையில் முருங்கைக்கு அடியில் தினமும் ஊற்றிவந்தாள் பிரகதீஸ்வரி. தாய்ப்பால் கால்படாத இடத்தில்தான் விழவேண்டும். அதில் திலகவதி ரொம்பக் கண்டிப்பு. கத்தாரிலிருந்து கணவன் அரவிந்த்குமார், "அம்மா சொல்றதக் கேளு" என்பதோடு போனை வைத்துவிடுவான். குழந்தை பிறந்த எடைக்கே திரும்பியிருந்தது.

"சேராத பாலக் குடுத்து ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?" என்றாள் திலகவதி.

"நான் இங்கதான இருக்கேன்."

குழந்தை வெறியோடு கவ்வியது. மடியிலேயே அதை வலப்பக்கம் சரித்து, டாக்டர் குழந்தையின் வயிற்றில் கருவியை வைத்தார். திரையில் இரைப்பை உப்பியது. பால் ஓரிடம்வரை வந்து, நின்று, திரும்பியது.

"இதுதான் இரைப்பையிலேருந்து குடலுக்குப் போற வாசல். சுத்தியிருக்கிற தசை தடிச்சுப்போச்சு. மூணு மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், நாலரை இருக்கு. ஆபரேஷன் பண்ணணும். பண்ணுனா நல்லா ஆயிரும்."

"அப்ப என் பாலு?"

"பாலுக்கு என்னம்மா? எந்தப் பாலும் இங்க வந்து நிக்கத்தான் செய்யும்."

சொல்லி முடிப்பதற்குள் குழந்தை கக்கியடித்தது. திலகவதியின் சேலை முன்பக்கமெல்லாம் வெள்ளை.

மத்தியானமே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டிரிப் ஏற்றி உடம்பைத் தேற்றி, மறுநாள் ஆபரேஷன். அதுவரை வாயில் ஒரு சொட்டும் கூடாது என்றாள் நர்ஸ்.

பிள்ளை அழுத அழுகைக்குப் பிரகதீஸ்வரியின் ஜாக்கெட் நனைந்தது. திரும்பி உட்கார்ந்து டம்ளரில் பீய்ச்சினாள்.

"குடு. நான் ஊத்திட்டு வாரேன்." திலகவதி வாங்கிக்கொண்டாள்.

வராண்டா நெடுக ஆட்கள். வாஷ்பேசினில் யாரோ வெற்றிலை துப்பியிருந்தார்கள். புங்கமரத்தடியில் செருப்புகளும் சோற்றுப் பொட்டலங்களும். டூவீலர்கள் நின்ற இடத்தைத் தாண்டிச் சுவரோரம்வரை போனாள். அங்கிட்டும் நடந்து நடந்து தடம் விழுந்திருந்தது.

போன் அடித்தது. மகன். ஸ்கேனில் சொன்னதைச் சொன்னாள்.

"பால் சேரலைன்னீங்களேம்மா?"

திலகவதி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். ஒரு ஈ டம்ளரைச் சுற்றியது. பால் காய்ந்து விறைத்திருந்த முந்தானையை இழுத்து டம்ளரின் வாயை மூடிக்கொண்டு, சுவரோரத்திலேயே நின்றாள்.